மூன்றாம் பாகம் படிக்காத பைண்டர்

ஆங்கில நாவல்களைப் பற்றி இந்தப் பூமியில் எல்லாரையும்விட அதிகம் தெரிந்த மனிதர் கோலார் தங்க வயலில், மெழுகுவத்தி குடோனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். சீமையில் பெரிய பெரிய கலாசாலைகளில் உட்கார்ந்திருக்கும் பண்டிதர்கள் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும், எனக்குக் கவலையில்லை. அவர்களை நான் பார்த்ததில்லை, இவரைப் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் இவர் தம் ஆயுளில் ஒரு நாவலைக்கூட முடிவு வரைக்கும் படித்தது கிடையாது.

அவருக்குப் பெயர் பைண்டர். தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் அங்கே டைம் ஆபீசில் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றதும் ஏதோ காவியம் எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஷிப்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதுகிற உத்தியோகம். அந்த ஆஜர்ப் பட்டியலில் தினமும் நானே ‘பைண்டர்’ என்றுதான் எழுதினேன். ஒருநாள் மனசு கேட்காமல் உண்மைப் பெயரைக் கேட்டேன்.

“வச்ச பேரு ஒண்ணு கீது ரைட்டரே. கூப்புட ஆளில்லாம துருப்புடிச்சுப் போச்சு. வுடுங்க” என்றார்.

தங்க வயலுக்கு இன்னும் மின்சாரம் வராத காலம் அது. சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனும் குடோனில் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டுதான் இறங்குவான். வடஆற்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்த ஜனங்கள் மூங்கில் தட்டி வீடுகளில், வரிசை வரிசையாக லைன்களில் குடியிருந்தார்கள். மேட்டில் துரைமார்களின் பங்களாக்கள். அங்கே அவர்களுக்கு ஒரு கிளப். அந்த கிளப்புக்குச் சீமையிலிருந்து மரப்பெட்டிகளில் நாவல்கள் வரும்.

இங்கேதான் நீங்கள் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஆங்கில நாவல் ஒவ்வொன்றும் மூன்று பாகமாக வரும், மூன்று தனித்தனிப் புத்தகம். பெட்டியில் அடுக்கும்போது முதல் பாகம் மேலே, இரண்டாம் பாகம் நடுவே, மூன்றாம் பாகம் அடியில். கிளப்பில் போதுமான அலமாரி கிடையாது. பெட்டிகள் அப்படியே மண் தரையில் கிடக்கும். கறையான் எங்கிருந்து வரும்? தரையிலிருந்துதானே வரும். ஆகவே தங்க வயலில் இருந்த அத்தனை நாவல்களின் மூன்றாம் பாகத்தையும் கறையானே படித்து முடித்துவிட்டது.

மிஞ்சிய இரண்டு பாகங்களுக்கு அட்டை போட்டு உயிர் கொடுப்பது பைண்டரின் வேலை. வேலூரில் ஓர் அச்சாபீசில் தொழிலும் இங்கிலீஷும் சேர்த்துக் கற்றுக்கொண்டவர். கோதுமை மாவில் மயில்துத்தம் போட்டு அவர் காய்ச்சுகிற பசையின் நாற்றம், சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியான ஷாப்டின் வாசல் வரைக்கும் வரும். ஒரு கையால் பசை தடவுவார், மறு கையால் பக்கத்தைத் திருப்பிப் படிப்பார். தைக்க வேண்டிய புத்தகத்தைப் படித்து முடிக்காமல் ஊசியைத் தொடமாட்டார்.

மத்தியான ஷிப்டுக்காரர்கள் மெழுகுவத்திக்காக வரிசையில் நிற்கிற அரைமணி நேரம் இருக்கிறதே, அதுதான் அவருடைய கச்சேரி நேரம். அன்று படித்ததை அன்றே சொல்லிவிடுவார். ஆயிரம் அடிக்குக் கீழே வெடிவைக்கப் போகிறவர்கள் சீமைப் பிரபுவின் மனக்கவலையை வாய்பிளந்து கேட்டுக்கொண்டு நிற்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எதிரே ஷாப்டின் உச்சியில், ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் என்ற கூண்டுகளின் கயிறு ஓடுகிற சக்கரத்தைக் கையால் காட்டித்தான் ஆரம்பிப்பார்.

“மேல ஒரு கேஜு, கீழ ஒரு கேஜு. ரெண்டுக்கும் ஒரே கயிறு. ஒண்ணு எறங்குனா இன்னொண்ணு ஏறும். இங்கிலீஷ்காரன் கதையும் அதேதான். ஒரு கேஜுல ஆசை, ஒரு கேஜுல பொறாம. இது ரெண்டும் ஓடலன்னா கதையில ஒரு ஆளும் இருக்கமாட்டான். வெறும் கோட்டும் தொப்பியும்தான் இருக்கும்.”

ஒரு ஜமீன்தார் கதை சொன்னார். பெரிய பங்களா, நாற்பது குதிரை, ஆனால் இருநூறு பக்கம் வரைக்கும் அந்த ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லையாம். ஐம்பது வயதில் அவருக்குப் பாதிரியாரின் மகள்மேல் ஆசை வந்தது.

“அந்தப் பொண்ணு டிராயிங் வாத்தியார் பேச்சுக்கு ஒரு தபா சிரிச்சுது. ஒரே ஒரு தபா. மறுநாளு ஜமீன்தாரு பென்சிலு வாங்கினாரு. குதிர வரஞ்சா ஆடு மாதிரி வருது. வுடல மனுசன். வெயில்ல குந்திக்கினு வரையறாரு. அது வரிக்கும் அவரு ஜமீனு, அன்னிக்குத்தான் ஆளு ஆனாரு” என்றார் பைண்டர்.

இன்னொரு நாள் கப்பல் கேப்டன் கதை. கல்யாணம் பேசி முடித்த பெண்ணின் வீட்டுக்குக் கேப்டன் போகிறான். வாசலில் ஓர் ஆம்பிளைக் குடை சாய்த்து வைத்திருக்கிறது. யாருடைய குடை? கேட்கவில்லை. படியேறவும் இல்லை. நேரே துறைமுகத்துக்குப் போய் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டான்.

வரிசையில் நின்றவர்களில், பாறையில் வெடிக்குத் துளை போடுகிற ஒருவருக்குப் பொறுக்கவில்லை. “யாருதுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னா கொறஞ்சிடும்?”

“கேட்டா அவன் கேப்டனு. கேக்காததாலதான் கதாநாயகன்.”

“சரி, அந்தக் குடை யாருதுதான்?”

பைண்டர் பசையை நிதானமாகத் தடவினார். “அவன்துதான். போன வாரம் வந்தப்போ மறந்து வச்சிட்டுப் போனது.”

அன்று ஷிப்டு பத்து நிமிஷம் தாமதமாக இறங்கியது. பட்டியலில் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ‘கயிறு சோதனை’ என்று எழுதினேன். வேறு என்ன எழுதச் சொல்கிறீர்கள்?

கதை எங்கே நிற்கும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் பாகம் முடிந்ததும் பைண்டர் கையைத் துடைத்துக்கொள்வார். கடைசியில் அந்தப் பெண் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று யாராவது கேட்டால், “அது கறையானுக்குத்தான் தெரியும்” என்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் கையாலேயே ஒரு விபரீதம் நடந்தது. கொட்டகை ஒழுகி இரண்டு நாவல்களின் முதல் பக்கங்கள் நனைந்து பெயர் அழிந்துபோயிற்று. ஒரு நாவலின் முதல் பாகத்தையும் வேறொரு நாவலின் இரண்டாம் பாகத்தையும் சேர்த்துத் தைத்து, ஒரே அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்தும் அடித்து, கிளப்புக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் படித்ததை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் பாதியில் கதாநாயகிக்குக் கறுப்புக் கூந்தல், பேசவே மாட்டாள். தங்கைக்கு வந்த காதல் கடிதத்தைத் தேயிலை டப்பாவில் ஒளித்துவைக்கிறாள். இரண்டாம் பாதியில் செம்பட்டைக் கூந்தல், ஓயாமல் பாடுகிறாள், தங்கையே கிடையாது.

கிளப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்ட துரைசானி அம்மாளிடமிருந்து மூன்றாம் வாரம் ஆள் வந்தது. பைண்டரின் வேலை போயிற்று என்றே நினைத்தேன். துணைக்கு நானும் கூடப் போனேன். துரைசானி அந்தப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள், கண் கலங்கியிருந்தது. தான் படித்ததிலேயே இதுதான் உத்தமமான நாவல் என்றாள். பொறாமை ஒரு பெண்ணை எப்படி அடியோடு வேறு மனுஷியாக மாற்றிவிடுகிறது என்று இவ்வளவு துணிச்சலாக எவரும் எழுதியதில்லையாம். முடிவைக் கறையான் தின்றுவிட்டதே என்று வருத்தப்பட்டாள்.

மேட்டிலிருந்து இறங்கும்போது பைண்டரின் நடையே மாறியிருந்தது. “பாத்தீங்களா ரைட்டரே. நானும் இன்னாவோ தப்புப் பண்ணிட்டோமேன்னு பயந்துகினு இருந்தேன். பொறாம புடிச்சா மயிரு நெறமே மாறிடுது.”

இவ்வளவு பேசுகிறவர், தமக்கு மட்டும் இரண்டும் இல்லை என்று அடித்துச் சொல்வார். “நூறு புஸ்தகத்துல பாத்துட்டேன். தெளிஞ்சிட்டேன். எனக்கு ஆசையும் கெடயாது, பொறாமையும் கெடயாது” என்பார். நாற்பது வயது, தனிக்கட்டை. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. காரணம், நானும் கன்னியம்மா அக்கா கடையில்தான் தினமும் காலையில் சாப்பிட்டேன்.

ஷாப்ட் வாசலுக்கு எதிரே கன்னியம்மா அக்காவுக்கு ஆப்பக்கடை. புருஷன் காய்ச்சலில் போனபிறகு, யாரிடமும் கை நீட்டாமல் அடுப்பு மூட்டிப் பிழைத்தவள். வெடுக்கென்று பேசுவாள், பேசினது சரியாகத்தான் இருக்கும். அந்தக் கடைக்குப் பைண்டர் ஆறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் வந்தார். இடதுபக்கப் பலகையில் உட்காருவார். “மூணு” என்பார். அவள் “சரி” என்பாள். சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். மத்தியானம் இருநூறு பேரை வாயால் கட்டிப்போடுகிற மனிதருக்குக் காலையில் இருந்த பாஷை அந்த ஒரு வார்த்தைதான்.

இந்த நிலைமையில் வந்து சேர்ந்தார் டிம்பர் மேஸ்திரி. சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற கோஷ்டிக்குத் தலைவர். மீசை என்றால் மீசை. குரல் என்றால், அவர் மேலே நின்று பேசினால் கீழே ஐந்தாவது லெவலில் கேட்கும் என்பார்கள். மனைவியை இழந்தவர், கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். முதல்நாளே ஆப்பக்கடையில் உட்கார்ந்து அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா சிரித்தாள். ஆறு வருஷத்தில் அவள் பல் எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

இடதுபக்கப் பலகையில் பைண்டரின் கை பாதி ஆப்பத்தோடு நின்றுவிட்டது.

அன்று மாலை கொட்டகைக்குப் போனால், ஆபீஸ் ரிஜிஸ்டர் ஒன்றைத் தலைகீழாகத் தைத்து வைத்திருக்கிறார். “என்ன பைண்டரே, பொறாமையா?” என்றேன்.

“எனக்கா? இன்னாத்துக்கு? இன்னிக்குப் பசை சரியா வேகல” என்றார்.

பசை அந்த மாசம் முழுக்க வேகவில்லை. கடைக்கு ஒருவேளை வருகிறவர் இரண்டுவேளை வர ஆரம்பித்தார். மேஸ்திரி வலதுபக்கப் பலகையில் உட்காருவார் என்று தெரிந்து, அவருக்கு முன்னே வந்து வலதுபக்கத்தில் உட்கார்ந்தார். மேஸ்திரி பேசாமல் இடதுபக்கம் போய் உட்கார்ந்தார். அது அடுப்புக்கு இன்னும் கிட்டே இருந்தது. மத்தியானக் கதைகளில் மீசை வைத்த கதாபாத்திரங்கள் எல்லாம் மலையிலிருந்து விழ ஆரம்பித்தார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

மாசி மாதம் விஷயம் முற்றியது. கன்னியம்மா அக்காவின் அண்ணன் மாரிக்குப்பத்தில் இருந்தார். மேஸ்திரி முறைப்படி அவரிடம் ஆள் விட்டுப் பெண் கேட்டார். எங்கள் லைன்களில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்கிற, அறுத்துக்கட்டுகிற வழக்கம் உண்டு, யாரும் முகம் சுளிக்கிற காரியமல்ல. அண்ணனுக்கும் சம்மதம். அக்காதான், “காமன் பண்டிகை ஆவட்டும், சொல்றேன்” என்று நிறுத்திவைத்தாள். பண்டிகைக்குப் பத்து நாள் இருந்தது.

செய்தி தெரிந்ததும் நான் நேரே கொட்டகைக்கு ஓடினேன். பைண்டர் காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். கையில் புத்தகம் இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“போய்ச் சொல்லுங்க. பத்து நாள்தான் இருக்கு” என்றேன்.

“இன்னான்னு சொல்றது?”

“உங்க மனசுல இருக்கறதைத்தான். இத்தனை நாவல் படிச்சிருக்கீங்களே?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ரைட்டரே, மொத பாகத்துல ஆளு அவள பாக்கறான். ரெண்டாவது பாகத்துல வெந்து சாவறான். இன்னா பேசி அவள கேட்டான்னு எழுதறது மூணாவது பாகத்துல. ஒரு புஸ்தகத்துலயாவது அது எனக்குக் கெடச்சுதா? அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. “‘எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு’ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்” என்றேன்.

“அவ்ளோதானா?” பசைச் சட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். “அதுக்கா மூணு பாகம் எழுதறானுங்க?”

மறுநாள் காலையில் சலவைச் சட்டையோடு வந்தார். நான் எதிர்ப் பலகையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா கரண்டியோடு திரும்பினாள். பைண்டர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“நாலு” என்றார்.

அக்கா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். “சரி” என்று சொல்லி நாலு ஆப்பம் வைத்தாள். நான் எழுந்து வேலைக்குப் போய்விட்டேன், பார்க்கச் சகிக்கவில்லை.

இனி காமன் பண்டிகைக்கு வருவோம். சிவபெருமான் தவத்தில் இருக்கும்போது மன்மதன் போய்ப் பூக்கணை விட்டான், நெற்றிக்கண்ணால் எரிந்தான் அல்லவா? எங்கள் ஜனங்கள் ஆமணக்குச் செடியும் கரும்பும் நட்டு, வறட்டி அடுக்கி, காமனுக்கு நெருப்பு வைப்பார்கள். அதற்கு முன் லாவணிப் பாட்டுப் போட்டி. மன்மதன் எரிந்துபோனான், உலகத்தில் ஆசை செத்தது என்று ஒரு கட்சி பாடும், அது எரிந்த கட்சி. அவன் எரியவே இல்லை, உருவமில்லாமல் உயிரோடு திரிகிறான் என்று மற்றக் கட்சி பாடும், அது எரியாத கட்சி. கேள்விக்குப் பதில், பதிலுக்குக் கேள்வி. மற்ற ஊர்களில் இதை விடியவிடிய நடத்துவார்கள். எங்களுக்கு ராத்திரி ஷிப்டு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்துப் பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும். தங்க வயலில் காமனைக்கூட ஷிப்டு பார்த்துத்தான் எரிப்பார்கள்.

எரிந்த கட்சிக்கு அந்த வருஷம் யார் தலைவர்? டிம்பர் மேஸ்திரியேதான். அவர் லாவணியில் பழம் தின்று கொட்டை போட்டவர். எங்கள் லைன் எரியாத கட்சி. எங்கள் பாட்டுக்காரருக்கு வெடிப்புகையில் தொண்டை கட்டி, கோழி கொக்கரிக்கிற சத்தம்கூட வரவில்லை. வேறு ஆளில்லை. எல்லாரும் சேர்ந்து பைண்டரிடம் போனார்கள். பாடத் தெரியாது என்று மறுத்தார். “பேசு, போதும். ரைட்டரு டேப்பு அடிப்பாரு” என்றார்கள். லாவணிக்கு அடிக்கிற டேப் என்ன, நான் வாழ்க்கையில் எந்தத் தோல் வாத்தியத்தையும் தொட்டவனல்ல. அது ஒருவருக்கும் பெரிய குறையாகப் படவில்லை.

பண்டிகையன்று ஐந்நூறு பேராவது இருப்பார்கள். ஒரு பக்கம் பெண்கள். அவர்களுக்கு முன்வரிசையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கன்னியம்மா அக்கா. மேஸ்திரி ஒற்றைத் தந்தி வாத்தியமான துந்தினாவைச் சுண்டியதும் கூட்டம் அடங்கியது. எடுத்த எடுப்பிலேயே பாடினார்:

“நெற்றிக்கண் நெருப்பினிலே நின்றெரிந்தான் மாரனென்றால்
மற்றவனும் உயிரோடு வாழ்வதெங்கே காட்டுமய்யா!”

பைண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். பாடவில்லை. மெழுகுவத்தி வரிசையில் பேசுகிற மாதிரியே பேசினார். “இங்க காட்டறது அப்பறம். ஏழு கடல் தாண்டி, சிவன் பேரே தெரியாத சீமையில காட்டறேன்” என்று ஆரம்பித்து, பென்சில் பிடித்த ஜமீன்தாரைக் கொண்டுவந்து நிறுத்தினார். “காமன் எரிஞ்சிருந்தா அம்பது வயசுல இவரு இன்னாத்துக்குக் குதிர வரையறாரு?” அவர் மூச்சு வாங்கிய இடத்தில் நான் டேப்பை ஓங்கி அடித்தேன். கூட்டம் ஆரவாரித்தது.

ஆசைக்குக் கூற்றம் பொறாமைதான், பொறாமை வந்த இடத்தில் ஆசை செத்தது என்று மேஸ்திரி பாடினார். பைண்டர் குடையைப் பார்த்து ஓடின கேப்டனை இறக்கினார். “ஆசை செத்திருந்தா ஆஸ்திரேலியா வரிக்கும் போயி இன்னாத்துக்கு அழுவறான்? பொறாம வந்து குந்தற எடத்துலதான் ஆசை உசுரோட கீதுன்னு அர்த்தம். காலியான வூட்டுக்கு எவனும் பூட்டுப் போடமாட்டான்.” நாலு கேள்விக்கு நாலு நாவல். கடிதத்தை ஒளித்த அக்காளைச் சொன்னபோது பெண்கள் பக்கம் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். எங்கள் கட்சி ஜெயித்தாற்போலத்தான் இருந்தது. என் டேப் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது, அதைப் பற்றியும் கவலைப்படவில்லை.

அப்போது மேஸ்திரி துந்தினாவைக் கீழே வைத்தார். பாட்டை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“பைண்டரே, சீமைக் கதை போதும். இந்தக் கூட்டத்துல ஒரே ஒரு ஆளப் பத்திக் கேக்கறேன். எனக்கு ஆசையும் இல்ல, பொறாமையும் இல்ல, தெளிஞ்சிட்டேன்னு நீயே சொல்லிக்கினு திரியற. குடோன் வரிசையில நிக்கற அத்தினி பேரும் சாட்சி. மெய்தானா?”

“சொன்னது மெய்தான்” என்றார் பைண்டர்.

“அப்போ உன் மட்டுல காமன் எரிஞ்சு சாம்பலாயிட்டான். ஒருத்தன்கிட்ட எரிஞ்சாலும் எரிஞ்சதுதான். உன் வாயாலயே எங்க கட்சி ஜெயிச்சுது. இல்லன்னு சொல்லு பாப்போம்.”

பிடித்தாரே ஒரு பிடி. ஆமாம் என்றால் போட்டி போயிற்று. அதோடு முன்வரிசையில் நிற்கிறவள் காதில் ‘எனக்கு ஆசையில்லை’ என்று ஐந்நூறு பேர் அறியச் சொன்னதாகவும் ஆகும். இல்லை என்றால் ஆறு வருஷத்துப் பெருமை போகும், அடுத்த கேள்வி யார்மேல் ஆசை என்று வரும். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பைண்டர் தரையைப் பார்த்தார். எனக்குத் தெரியும், அவர் படிக்காத பக்கம் அது.

நான் டேப்பை அடிக்கவில்லை.

“எரியல” என்றார் பைண்டர்.

குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

“தெளிஞ்சிட்டேன்னு சொன்னது பொய்யி. நூறு புஸ்தகம் படிச்ச மனுசன் பொய்யி சொன்னேன். ஆறு வருசமா மூணு ஆப்பத்துக்கு மேல ஒரு வார்த்த பேச தகிரியமில்லாத ஆளு நான். போன மாசம் மேஸ்திரி இன்னாவோ சொன்னாரு, அந்தம்மா சிரிச்சுது. இன்னா சொன்னாருன்னு எனக்குக் காதுல வுழல. அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் கெடயாது. மேஸ்திரி மீசை மேல எனக்குப் பொறாம. அவரு கொரலு மேல பொறாம. அவரு குந்துற பலக மேல பொறாம. ஒருநாளு அவருக்குத் தேங்காப்பாலு ஒரு கரண்டி கூட வுழுந்துச்சு, அத நான் இன்னும் மறக்கல.” அங்கே நிறுத்தி, முதல்முறையாக நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தார். “கன்னியம்மா, எனக்கு உங்கள புடிச்சிருக்குது. இதுக்கு மேல எழுதுன பக்கத்த நான் பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்.”

ஐந்நூறு தலையும் ஒரே பக்கம் திரும்பின. கன்னியம்மா அக்கா இடுப்பிலிருந்த கையை எடுக்கவில்லை. ஆனால் முகம் சிவந்திருந்தது. அது அடுப்புச் சூட்டினால் வந்ததல்ல, அன்று கடை கிடையாது.

“மூணாவது ஆப்பம் மட்டும் ஏன் தெனம் ஓரம் முறுகலா, தனியா சுட்டு மூடி வச்சிருக்குதுன்னு ஆறு வருசத்துல ஒரு நாளாவது யோசிச்சாரா இவரு? வேற யாரு எலையிலயாவது அத பாத்தாரா?” என்று பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். “இத்தினி புஸ்தகம் படிச்சு இன்னாத்துக்கு ஆவுது?” பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள். “நீங்க தப்பா எடுத்துக்காதீங்க மேஸ்திரி. பண்டிகை வரிக்கும் தவண கேட்டது இவரு வாயத் தொறக்கறாரான்னு பாக்கத்தான். எங்கண்ணங்கிட்ட நானே சொல்லிக்கறேன். நான் இவரக் கட்டிக்கறேன்.”

அப்புறம் எழுந்த சத்தம் மேட்டு பங்களாக்கள் வரைக்கும் கேட்டிருக்கும். மேஸ்திரி மட்டும் அசையாமல் நின்றார். ஒருகணம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவருக்கும் அது லேசான அடி இல்லை. மீசையை ஒருதரம் தடவினார். பிறகு துந்தினாவை எடுத்துக்கொண்டு நடுவே நடந்து வந்தார். தோற்ற கட்சி தன் வாத்தியத்தை ஜெயித்தவன் கையில் கொடுக்க வேண்டும் என்பது லைன் வழக்கம்.

“எரியலபா. ஒத்துக்கறேன்” என்று பைண்டர் கையில் வைத்தார். “அன்னிக்கு நான் இன்னா சொல்லி சிரிக்க வச்சேன்னு காதுல வுழலன்னியே, சொல்லட்டா? எதிர்க்கொட்டாயில ஒரு மனுசன் பசை காச்சறானே, அந்த நாத்தத்துல ஆப்பம் எப்படிம்மா விக்கறேன்னு கேட்டேன். அதுக்குத்தான் சிரிச்சுது.”

பைண்டர் துந்தினாவைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார். “என்னியப் பத்தியா?” என்றார். ஒரு மாசமாகத் தம்மேலேயே பொறாமைப்பட்டுத் தூங்காமல் இருந்திருக்கிறார் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அது உறைத்ததும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு மேஸ்திரியே சேர்ந்து சிரித்துவிட்டார்.

பைண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லா லைன்களையும் சுற்றினோம். இருபது லைன் இருக்கும். வழியில் எரிந்த கட்சிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், தோற்றவர்கள் யார் என்பதே மறந்துபோயிற்று. பின்னாலேயே மேஸ்திரி தம் ஐந்தாவது லெவல் குரலில் காமன் எரியவில்லை என்று எங்கள் கட்சிப் பாட்டையே பாடிக்கொண்டு வந்தார். சித்திரையில் கல்யாணம் நடந்தது. பந்தலில் புரோகிதர் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டபோது அவர் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா அக்கா உரக்கச் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, நாங்கள் அந்தப் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று தூக்கியவர்களில் இடதுபக்கம் தோள் கொடுத்தவன் நான். பைண்டர் பார்க்க ஒல்லி, ஆனால் நல்ல கனம். மழை பெய்தால் அந்தத் தோள் எனக்கு இன்றும் வலிக்கிறது. என் சம்சாரம் தைலம் தேய்க்க வருகிறாள். வேண்டாம், கொஞ்சநேரம் வலிக்கட்டும் என்று சொல்லிவிடுகிறேன்.